கோமளவல்லிக்குப் பிடித்தது

நான்கு தாலுகாக்களுக்கு என்ன வேண்டும் என்று மேடையேறிச் சொல்லத் தெரிந்தவர் தாணப்பன். தோவாளை வயலுக்குக் கடைமடை வரை தண்ணீர் வேண்டும். அகஸ்தீஸ்வரத்துக்குப் பள்ளிக்கூடம் வேண்டும். கல்குளமும் விளவங்கோடும் திருவிதாங்கூர்-கொச்சியை விட்டுச் சென்னை ராஜ்யத்தோடு சேர வேண்டும். ஒலிபெருக்கி பாதியில் நின்றுபோனாலும் கடைசி வரிசைக்குக் கேட்கும் குரல் அவருக்கு. பகலில் தக்கலையில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா, சாயங்காலமானால் ஊர்ப் படிப்பகத்தின் செயலாளர்.

தன் மனைவி கோமளவல்லிக்கு என்ன வேண்டும் என்று அவருக்குத் தெரியாது. அது தெரியாது என்பதே அவள் சாகும்வரை அவருக்குத் தெரியாது.

1955 ஐப்பசியில் விடாத மழை. கோமளவல்லிக்குக் காய்ச்சல் கண்டு, இறங்குவதுபோல் இறங்கி மறுபடியும் ஏறியது. ஒரு மத்தியானம் அவர் கஞ்சித் தம்ளரோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது அவள் கண்ணைத் திறந்தாள்.

“ஒண்ணு கேட்டா செய்வியளா?”

“கேளு.”

“நான் போனா பதினாறுக்குப் படையல் வைக்கணும். எனக்குப் பிடிச்சதா வச்சுப் படையுங்கோ.”

தாணப்பனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த வீட்டில் சாமி படம் கிடையாது. விளக்கு மாடத்தில் பத்திரிகைகள்தான் அடுக்கியிருக்கும். பெயருக்குப் பின்னால் இருந்த ‘பிள்ளை’யை அவர் வெட்டி எறிந்து பல வருஷம் ஆகிறது. தகப்பனார் செத்தபோது சடங்கு செய்ய மாட்டேன் என்று நின்றதால் சொந்தக்காரர்கள் ஒரு வருஷம் அவரோடு பேசாமல் இருந்தார்கள். அப்போதெல்லாம் கோமளவல்லி வாயைத் திறந்து எதிர்த்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. படிப்பகக் கூட்டங்களில் முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டுவாள். தன் வீட்டில் பகுத்தறிவு குடியேறிவிட்டது என்பதில் தாணப்பனுக்கு எந்தச் சந்தேகமும் இருந்ததில்லை.

வேறு நேரமாயிருந்தால் ஒரு மணி நேரம் வாதாடியிருப்பார். அன்று “சரி” என்றார். என்ன பிடிக்கும் என்று கேட்க வாய் வந்தது. கேட்டால் அவள் சாகப்போவதை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும் என்று விழுங்கிக்கொண்டார். இது பிற்பாடு அவர் தனக்கே சொல்லிக்கொண்ட சமாதானம். அவளுக்கு என்ன பிடிக்கும் என்பது தனக்குத் தெரியும் என்று நினைத்ததால்தான் கேட்கவில்லை என்பதே உண்மை.

இரண்டு நாள் கழித்துக் கோமளவல்லி போய்விட்டாள்.

அந்தப் பக்கத்து வழக்கம் இது: செத்த பதினாறாம் நாள், செத்தவருக்கு எதெல்லாம் உயிரோ அதெல்லாம் சமைத்து, உள்ளறையில் இலை போட்டு வைத்து, கதவைச் சாத்திச் சற்று நேரம் வெளியே நிற்பார்கள். கள் குடித்தவருக்குக் கள்ளு, சுருட்டுப் பிடித்தவருக்குச் சுருட்டு. பிறகு காக்கைக்கு வைத்துவிட்டுத்தான் பந்தி. இதைப் பற்றித் தாணப்பனே படிப்பகத்தில் பேசியிருக்கிறார். ‘செத்தவனுக்குச் சுருட்டு, உயிரோடு இருக்கிறவனுக்குப் பட்டினி’ என்று அவர் சொன்னபோது கூரை அதிரக் கைதட்டினார்கள். முன்வரிசையில் கோமளவல்லியும் தட்டினாள்.

படையல் செய்தி படிப்பகத்துக்குப் போய்ச் சேர நேரமாகவில்லை. அங்கே நூலகப் பொறுப்பைப் பார்த்துக்கொண்டிருந்த ராஜையன் அவரைக் கண்டதும் பத்திரிகையை மடக்கினான்.

“என்ன அண்ணே, எமலோகத்துக்குப் பார்சல் போகுதாமே?”

“வாக்குக் குடுத்தேன் ராஜையா.”

“அது சரி. இனி நாம வெளிய போய் என்னத்தப் பேச?”

“சாகப்போறவகிட்டக் குடுத்த வாக்கைக் காப்பாத்தாதவன் என்னத்தப் பேசினா என்னலே? சடங்கு பொய். வாக்கு பொய் இல்ல.”

ராஜையன் மடக்கிய பத்திரிகையை மேஜைமேல் வைத்தான். பிறகு குரலைத் தாழ்த்தி, “மைனிக்கு என்ன பிடிக்கும்ணே?” என்று கேட்டான். பரிகாசமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

“அவியல், ரசவடை, சக்கைப் பிரதமன்,” என்றார் தாணப்பன், அந்தக் கேள்விக்காகவே காத்திருந்ததுபோல.

இதே பட்டியலை வீட்டில் கோமளவல்லியின் அக்காள் சண்முகவடிவிடம் ஒப்பித்தார். சாவுக்கு வந்தவள் பதினாறு முடியட்டும் என்று தங்கியிருந்தாள். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைத்தாள். முதலில் சிரித்தாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எது சிரிப்பு, எது அழுகை என்று அவருக்குப் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

“மாப்பிளே, நீரு சொன்னது எல்லாம் ஒமக்குப் பிடிச்சதுல்லா!”

தாணப்பன் மறுக்க வாயெடுத்தார். அவியல் கிண்டுகிற கோமளவல்லி கண்ணுக்கு வந்தாள். அவியல் பரிமாறுகிற கோமளவல்லி வந்தாள். அவியல் தின்கிற கோமளவல்லி வரவில்லை.

“அப்போ அவளுக்கு என்னதான் பிடிக்கும் மைனி?”

“பழஞ்சோறு. ராத்திரி தண்ணி ஊத்தி வச்ச சோறும் நாலு காந்தாரி மிளகும் இருந்தாப் போதும், வேற ஒண்ணும் வேண்டாம்பா. சூடா எதுவும் ஆகாது. சின்னதில காப்பியைக்கூட ஆத்தி ஆத்தி, ஈ விழுந்த பிறகுதான் குடிப்பா. நாங்க பச்சத்தண்ணின்னுதான் கூப்பிடுவோம்.” சண்முகவடிவு மறுபடியும் முறத்தை எடுத்தாள். “அப்புறம் மண்டையப்பம். மாவைத் தலைபோல உருட்டி அவிச்சு, மண்டைக்காட்டம்மைக்கு நேர்ந்து செய்வா. ஒண்ணு ரெண்டு கூடுதலாச் செஞ்சு வழியிலேயே தின்னுருவா, கள்ளி.”

“நேர்ந்தாளா? யாருக்கு நேர்ந்தா?”

“ஒமக்குத்தான். நீரு போன வருசம் போராட்டம்னு போய் உள்ள கெடந்தீரே, அப்ப. அதுக்கு முந்தி ஒமக்குத் தலைவலி வந்தப்பவும் உண்டு. தலைவலிக்கு மண்டையப்பம்தானே வைப்பாவ.”

ஜெயிலிலிருந்து வந்தவுடனே தாணப்பன் படிப்பகத்தில் பேசிய பேச்சு, நேர்ச்சை என்ற பெயரில் ஏழையின் அரிசி மாவு எப்படிப் பறிபோகிறது என்பதைப் பற்றி. அன்றும் அவள் முன்வரிசையில்தான் இருந்தாள்.

மறுநாள் பக்கத்து வீட்டு ராகேல் டீச்சரை வேலியோரம் பிடித்தார். ராகேல் மிஷன் பள்ளியில் படிப்பிக்கிறவள். கணவர் குலசேகரத்தில் ரப்பர் தோட்டத்துக் கணக்குப் பிள்ளையாக இருந்தார், வாரக் கடைசியில்தான் வருவார். மாதர்களுக்கு எழுத்தறிவு வேண்டும் என்று தாணப்பன் படிப்பகத்தில் தீர்மானம் போட்டு, வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் ராகேல் வீட்டில் வகுப்பு ஏற்பாடு செய்திருந்தார். முதல் வாரம் ஏழெட்டுப் பெண்கள் வந்தார்கள். அப்புறம் கோமளவல்லி மட்டும் போனாள், கடைசி வரை போனாள். ‘என் வீட்டிலிருந்தே தொடங்கினேன்’ என்று தாணப்பன் அதை மேடையில் பலதரம் சொல்லியிருக்கிறார்.

“டீச்சர், கோமுவுக்கு என்ன பிடிக்கும்? உங்களுக்கு ஏதாவது தெரியுமா?”

ராகேல் குடையை மடக்கினாள், விரித்தாள். “சொன்னா நீங்க வருத்தப்படக்கூடாது அண்ணாச்சி. உங்களோட வச்சுக்கிடுங்கோ. அவ யாருக்கும் தெரியாண்டாம்னு சொல்லியிருந்தா.”

“சொல்லுங்கோ.”

“தோசை. சீனி தூவின தோசை. வந்ததும் நாற்காலியை இழுத்து அடுப்புக்குப் பக்கத்துல போட்டு உக்காந்துக்கிடுவா. கல்லில இருந்து நேரா தட்டுக்கு வரணும். கொஞ்சம் ஆறிட்டா, ‘இதை உங்க வீட்டுக்காரருக்கு எடுத்து வைங்கோ டீச்சர்’ம்பா.”

“சூடு ஆகாதாமே அவளுக்கு?”

“யாரு சொன்னா? விரல் பொள்ளும், விட மாட்டா.”

“அப்போ வாசிப்பு?”

“அதெல்லாம் முதல் மூணு மாசத்திலேயே வந்துட்டு. அப்புறம் தோசைதான். நான் ஞானப்பாட்டு பாடிட்டே சுடுவேன். அவளும் கூட முணுமுணுப்பா. ‘பாட்டு நல்லாருக்கு டீச்சர், ஆளைத்தான் தெரியல’ம்பா.” ராகேல் சிரிக்கப் பார்த்து அடக்கிக்கொண்டாள். “என்ன பரிகாசம், என்ன பரிகாசம்! இந்த ஊர்ல அவளைப்போல நடிச்சுக் காட்ட ஆளு கிடையாது. மேடையில நீங்க பேசும்போது துண்டை இப்படி இழுத்து விட்டுட்டு...”

அவள் சட்டென்று நிறுத்தினாள். மணியாகிறது என்று குடையை விரித்துக்கொண்டு போய்விட்டாள்.

தாணப்பன் தன் தோளில் கிடந்த துண்டைப் பார்த்தார். கோமளவல்லி பரிகாசம் பண்ணுவாளா? இருபத்தேழு வருஷத்தில் அவள் ஒரு வேடிக்கைச் சொல் சொன்னதாக அவருக்கு நினைவில்லை. அப்படியானால் அந்தப் படையல்? அதுவும் பரிகாசமோ? சாகக் கிடந்தவள் தன்னிடம் ஒரு கேள்வியைக் கொடுத்துவிட்டுப் போனாளோ, விடை தெரியாமல் இவர் முழிக்கட்டும் என்று? அல்லது உண்மையாகவே பதினாறாம் நாள் வந்து சாப்பிடலாம் என்று நம்பினாளோ? எதை நினைத்தாலும் அதற்கு எதிரானது பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தது.

வாரத்தில் இரண்டு நாள் குளச்சலிலிருந்து செசிலி மீன்கடவம் சுமந்து வருவாள். அந்த வாரம் வந்தபோது வீட்டு வாசலில் கடவத்தை இறக்கிவைத்து, தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். தாணப்பன் அழுகை ஓயும்வரை நின்றார். ஓய்ந்ததும் கேட்டார்.

“எனக்க மாதாவே, அது தெரியாதா பிள்ளே ஒங்களுக்கு? போயிலை.”

“போயிலையா?”

“வெத்தல பாக்கெல்லாம் பேருக்கு. நல்ல யாழ்ப்பாணப் போயிலையா ஒரு கண்டம் கொண்டாருவேன். தென்னைக்க மூட்டில உக்காந்து ரெண்டு பேரும் போடுவோம். நீங்க சைக்கிள் மணி அடிச்சா அந்தாலத் துப்பிட்டு வாயைக் கொப்பளிச்சிருவா.” செசிலி மூக்கைச் சிந்தினாள். “போன பெரிய நோன்புக்கு எங்க கோயில்ல ஒரு மெழுகுதிரி கொளுத்தச் சொன்னா.”

“எதுக்கு?”

“அதை மாதாகிட்டச் சொன்னா. என்கிட்டச் சொல்லல்ல.”

வக்கீல் குமாஸ்தாவுக்குச் சாட்சி விசாரணை புதிதல்ல. மூன்று சாட்சி மூன்று விதமாகச் சொன்னால் வழக்கு நிற்காது என்பது அவர் பிழைப்பின் முதல் பாடம். சூடு ஆகாதவள், சூட்டைத் தவிர எதையும் தொடாதவள். மண்டைக்காட்டுக்கு நேர்ந்தவள், மாதாவுக்குத் திரி கொளுத்தியவள், ஞானப்பாட்டு முணுமுணுத்தவள், சாமி இல்லை என்றபோது முன்வரிசையில் கைதட்டியவள். இத்தனை பேரும் ஒரே பாயில் அவருக்கு அருகில் படுத்திருந்தார்களா? எல்லாரையும் திருப்திப்படுத்துவதற்காக எல்லாரிடமும் தலையாட்டினாளா? அல்லது எங்கே எது கிடைத்ததோ அங்கே அதைப் பெற்றுக்கொண்டாளா, தோசை கிடைத்த இடத்தில் தோசை, பாட்டு கிடைத்த இடத்தில் பாட்டு, என்று? அப்படியென்றால் இந்த வீட்டில் அவளுக்குக் கிடைத்தது என்ன? கைதட்டல் வாங்கிக்கொண்டவர் அவர்தானே.

பெண்ணுக்குப் பசி உண்டு என்பதைச் சாத்திரம் எழுதியவன் மறந்தான். அந்தச் சாத்திரத்தைக் கிழித்தவனும் அதை மறந்தான். கிழித்த கையோடு சாப்பிட உட்கார்ந்து, இன்னும் கொஞ்சம் அவியல் என்றான்.

பதினாறாம் நாள் மழை சற்று வெறித்திருந்தது. கூடம் நிறைய ஆட்கள். சாவுக்கு வந்துவிட்டுப் போயிருந்த மகள் வடிவாம்பாள் முந்தின நாளே குலசேகரத்திலிருந்து வந்து அடுக்களையில் இறங்கிவிட்டாள். அவளோடு வந்த மாமியார் பகவதியம்மாள் கூடத்தின் நடுவில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தாள். ராஜையன் முற்றத்தில் தென்னையோரம், வந்தவன்போலவும் வராதவன்போலவும் நின்றான்.

உள்ளறையில் சண்முகவடிவு தலைவாழை இலை போட்டாள். பழஞ்சோறு, காந்தாரி மிளகு, மண்டையப்பம். இலை அலங்காரமாக இருக்கட்டும் என்று அவியலும் வடையும் பிரதமனும். தாணப்பன் மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து இலையோரத்தில் வைத்தார்.

“என்னது மாப்பிளே அது?”

“போயிலை.”

“நல்லாருக்கு! எந்தங்கச்சி போயிலை போட்டாளா?” சண்முகவடிவு வாயில் கை வைத்தாள். ஆனால் பொட்டலத்தை எடுக்கவில்லை. செத்தவள் விஷயத்தில் எது உண்மையென்று யாருக்குத் தெரியும்?

அப்போதுதான் ராகேல் பின்வாசலில் வந்து நின்றாள். கையில் வாழை இலையால் மூடிய தட்டு. தாணப்பன்தான் கொண்டுவரச் சொல்லியிருந்தார். சண்முகவடிவு விறுவிறுவென்று போய் வாசலை அடைத்து நின்றாள்.

“டீச்சரே, வந்தது சந்தோசம். அதை அங்கயே திண்டில வச்சிருங்கோ. காக்காய்க்குப் போட்டுக்கிடலாம்.”

“உள்ள வைக்கத்தான் மைனி கொண்டுவரச் சொன்னேன்,” என்றார் தாணப்பன்.

“உள்ளயா? இலையிலயா? ஒமக்கு என்ன கிறுக்கா? அவிய வீட்டுக் கல்லில சுட்டதை நம்ம வீட்டுப் படையல்ல வைக்கவா? அவிய நல்லவிய, நான் இல்லேங்கல. ஆனா சாதின்னு ஒண்ணு கெடக்குல்லா?”

அந்த வேலிக்கு மேலே முருங்கை இலை கைமாறும், மிளகாய் நாற்று கைமாறும், பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றால் மருந்தும் கைமாறும். கல்லில் சுட்டது மட்டும் மாறக்கூடாது. பச்சையாக இருந்தவரை தீட்டில்லை, நெருப்பில் வெந்ததும் தீட்டு. எதைச் சுட்டாலும் சுத்தம் என்பார்கள், ராகேல் வீட்டு அடுப்பில் மட்டும் நெருப்பு அழுக்கோ? இத்தனை தலைமுறையாக இதைக் கேட்டுக் கேட்டும் பதில் சொல்ல ஒரு ஆளும் வந்ததில்லை. பதில் தேவையில்லை என்பதுதான் இந்த அநியாயத்தின் பலம்.

தாணப்பனுக்கு உச்சியில் தீப்பிடித்தது. மேடைக்குரல் தானாக வந்துவிட்டது.

“வெள்ளிக்கிழமை தோறும் ஒங்க தங்கச்சி அந்தக் கல்லில சுட்டதைத்தான் தின்னா! அந்த வீட்டு நாற்காலியில உக்காந்து, அந்த வீட்டுத் தட்டுல தின்னா! வருசக்கணக்காத் தின்னா!”

கூடத்தில் விசிறிகள் நின்றன. பகவதியம்மாள் மெதுவாக எழுந்து, பாயை உதறி, வாசல்பக்கம் தள்ளிப் போட்டு உட்கார்ந்தாள். ராகேல் அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை. நம்பிக் கொடுத்த பொருளைத் தொலைத்தவனைப் பார்க்கிற பார்வை. தட்டை அவர் கையில் கொடுத்துவிட்டு வேலியைத் தாண்டிப் போனாள்.

நியாயத்தைத்தான் சொன்னார். ஒரு பொய்யும் இல்லை. ஆனாலும் தட்டு கையில் கனத்தது.

“வையும், வையும்!” என்று சண்முகவடிவு தலையில் அடித்துக்கொண்டாள். “நான் இப்பமே போறேன். இனி இந்த வீட்டில பச்சத்தண்ணி...” என்று தொடங்கி, அந்தச் சொல்லிலேயே தடுக்கி விழுந்தவள்போல நின்று, மூலையில் போய் உட்கார்ந்து அழுதாள். போகவில்லை.

தாணப்பன் தோசையை இலையில் வைத்தார். ஆவி போயிருந்தது, ஓரத்தில் மட்டும் இளஞ்சூடு. சீனி உருகிப் பளபளத்தது. அறைக் கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றார். உள்ளே ஒன்றும் இல்லை, ஒரு இலையும் ஒரு விளக்கும்தான் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் கதவுக்கு முதுகு காட்டி நிற்க முடியவில்லை.

பிறகு காக்கைக்கு. எல்லாவற்றிலும் ஒவ்வொரு துண்டு எடுத்து, ஒரு இலைக்கிழிசலில் முற்றத்து மதிலில் வைத்தார்கள். யார் கூப்பிடுவது என்று பார்த்தார்கள். கூப்பிட வேண்டியவர் அவர்தான்.

“கா... கா...” என்றார் தாணப்பன். மேடையில் அதட்டிய குரலா இது என்று அவருக்கே சந்தேகம் வந்தது. நம்பிக்கையினால் கூப்பிடவில்லை. இத்தனை பேரைக் கேட்டாயிற்று, கேட்பதற்கு மிச்சம் இருந்தது காக்கை ஒன்றுதான்.

ராஜையன் சிரிப்பான் என்று திரும்பிப் பார்த்தார். அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு மதிலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

காக்கை வந்தது. தலையைச் சாய்த்துச் சாய்த்து நடந்தது. அலகால் இலையைப் புரட்டிவிட்டது, எல்லாம் ஒன்றோடொன்று கலந்தது. எதையோ கவ்விக்கொண்டு பலா மரத்துக்குப் பறந்தது.

“பழஞ்சோறு! எங் கண்ணால கண்டேன்,” என்றாள் மூலையில் அழுதுகொண்டிருந்த சண்முகவடிவு, எப்போது வாசலுக்கு வந்தாளோ.

“சோறு இல்ல, வட்டமா என்னவோ இருந்து,” என்றார் ஒரு பெரியவர்.

“போயிலையைத் தூக்கினதுபோலத் தெரிஞ்சுதுண்ணே,” என்றான் ராஜையன். சொல்லிவிட்டு, தான் சொன்னது என்ன என்று உணர்ந்து நாக்கைக் கடித்துக்கொண்டான்.

ஆண்களுக்கு இலை போட்டாயிற்று என்று கூப்பிட்டார்கள். தாணப்பன் அடுக்களை வாசலில் போய் நின்றார். வடிவாம்பாள் அம்மிக்கும் தண்ணீர்ப் பானைக்கும் நடுவில் குனிந்து பிரதமனை வாளியில் ஊற்றிக்கொண்டிருந்தாள். சண்முகவடிவைக் கேட்டார், ராகேலைக் கேட்டார், மீன்காரியைக் கேட்டார். இந்த வீட்டில் பிறந்து கல்யாணம் வரை இந்த அடுக்களையில் அம்மையோடு நின்றவளைக் கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவேயில்லை.

“மக்களே, அம்மைக்கு என்ன பிடிக்கும்னு உனக்குத் தெரியுமா?”

வடிவாம்பாள் நிமிரவில்லை. “இப்பக் கேக்கியோ?”

“சொல்லு.”

“அம்மை சாப்பிட்டு நான் பாத்ததே இல்லப்பா.”

வாளியைத் தூக்கி வைத்தாள். “முதல்ல உங்களுக்கு, அப்புறம் எனக்கு. நான் சாப்பிட்டு எழும்பினா ‘நீ போய்ப் படி, நான் அப்புறம் பாத்துக்கிடுதேன்’ம்பா. அப்புறம் எப்பன்னு எனக்குத் தெரியாது.” குரல் கொஞ்சம் கடுத்தது. “ஆனா நீங்க அந்த டீச்சர் விசயத்தைக் கூடத்தில வச்சுச் சொல்லியிருக்காண்டாம். அத்தை பாயைத் தள்ளிப் போட்டதைப் பாத்தியளா? இனி இங்க வந்தா நான் டீச்சர் வீட்டுப் படியை மிதிக்க முடியுமா? அம்மைக்கு ஒரு இடம் இருந்துது, எனக்கு அதும் போச்சு.”

சாதியைத் தாக்கினேன் என்று சொல்லலாம். தாக்கினார்தான். தாக்கியது யாரைப் போய்த் தைத்தது என்பதுதான் இப்போது கண்முன்னால் நின்று வாளியின் விளிம்பைத் துடைத்துக்கொண்டிருந்தது.

“நீ முதல்ல உக்காரு. நான் இலை போடுதேன்,” என்றார்.

“அத்தை இருக்கும்போதா? இன்னும் என்னல்லாம் செய்யப் போறியோ எனக்கு?”

கூடத்திலிருந்து, “தாணப்பா, இலையில சோறு ஆறுது!” என்று கூப்பிட்டார்கள்.

அவர் போய் உட்காரவில்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு பரிமாறப் போனார். கருமம் செய்தவன் உட்காராமல் பரிமாறுவது என்ன முறை என்று ஒருவர் முணுமுணுத்தார். ஆண்கள் பந்தி முடிந்தது. வந்திருந்த பெண்கள் பந்தி முடிந்தது. பகவதியம்மாள் இலையை மூடிவிட்டுக் கை கழுவினாள். பாத்திரங்கள் உள்ளே வந்த பிறகு, தாணப்பன் இரண்டு இலையை எடுத்து அடுக்களைத் தரையில் போட்டார். இந்த முறை வடிவாம்பாள் மறுக்கவில்லை. பார்க்க யாரும் இல்லை.

அம்மிக்கும் தண்ணீர்ப் பானைக்கும் நடுவில் அவர் அதுவரை உட்கார்ந்ததில்லை. வாசல் நிலை மிகத் தாழ்வு, அங்கிருந்து பார்த்தால் கூடத்தில் நடமாடுகிறவர்களின் முழங்காலுக்குக் கீழேதான் தெரிந்தது. யார் வந்தார், யார் போனார் என்று கால்களை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். பானையின் அடிச்சோறு, காய் இல்லாத சாம்பார், அவியல் பாத்திரத்தில் வழித்த தேங்காய், பொடிந்த பப்படம். பிரதமன் இல்லை. ரசவடை இல்லை. எல்லாம் ஆறியிருந்தது. நன்றாகவே இருந்தது, கோமளவல்லியின் பக்குவம் மகள் கையில் இறங்கியிருந்தது.

இருபத்தேழு வருஷம் அவள் சாப்பிட்ட சாப்பாடு இதுதான் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. இதில் எது அவளுக்குப் பிடித்தது என்று தெரியவில்லை. ஒன்றுமே பிடிக்கவில்லையா என்றும் தெரியவில்லை. கொடுத்த வாக்கை நிறைவேற்றினாரா இல்லையா என்று சொல்லக்கூடியவள் ஒருத்திதான், அவள் சொல்லாமல் போனாள்.

அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, மகளின் கை இலையில் எதை நோக்கி முதலில் போகிறது என்று பார்த்தார். தேங்காயைத் தொட்டது. விட்டது. சோற்றைப் பிசைந்தது.

“என்னப்பா பாக்கியோ?”

“ஒண்ணுமில்ல மக்களே. நீ சாப்பிடு.”

வடிவாம்பாள் கூச்சப்பட்டு, இலையைச் சற்று இழுத்துக்கொண்டு சுவரைப் பார்க்கத் திரும்பி உட்கார்ந்தாள். அவருக்கு அவள் முதுகுதான் தெரிந்தது.